ஏழு டொலர் கடல்

மொன்றியலுக்கு வந்து சேர்ந்த எங்கள் சனத்தில் காசு சேர்க்காத ஆள் கிடையாது. ஒருவர் வீடு வாங்கச் சேர்ப்பார், ஒருவர் தங்கச்சியின் சீதனத்துக்குச் சேர்ப்பார், இன்னொருவர் சீட்டுக் கட்டிச் சேர்த்துவிட்டு, சீட்டுக்காரன் ரொறன்ரோவுக்கு ஓடிப்போனதும் வயிறெரிந்து திரிவார். அம்புறோஸும் காசுதான் சேர்த்தார். ஆனால் அவர் சேர்த்த காசை மூலையிலிருந்த டெப்பனேர் கடையில் நீட்டினால் ஒரு பெட்டி பால்கூடக் கொடுக்கமாட்டார்கள். அமெரிக்கா தனி நாடாவதற்கு முந்தின வருசம், இங்கிலாந்து ராசாவோடு சண்டை பிடிக்கிற செலவுக்கு அச்சடித்த காகித நோட்டுகள் அவை. சண்டை முடிவதற்குள்ளேயே அவற்றின் மதிப்புப் போய்விட்டது. இருநூறு வருசத்துக்கு மேலாகச் செல்லாத காசு.

"செல்லிற காசைக் குடுத்துச் செல்லாக்காசு வாங்கிற ஒரே ஆள் எங்கட அம்புறோஸ் அண்ணைதான்" என்று பூசை முடிந்து நிற்கும்போது பகிடி பண்ணுவார்கள். அவர் சிரித்துக்கொண்டு தொப்பியைச் சரிசெய்வார். பதில் சொல்லமாட்டார். பதில் சொல்லுகிற ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

அவருடைய மனைவி அல்போன்சம்மா அவருக்கு ஏற்ற சோடி. அவளும் வாய் இறுகினவள். ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குப் பை வைத்துத் தைப்பாள். அவர் டோர்வல் விமான நிலையத்தில், பயணிகள் இறங்கிப்போன பிறகு விமானத்துக்குள் ஏறித் துப்புரவு செய்வார். கார்ட்டியர்வில்லில் இரண்டாம் மாடியில் வீடு. இரண்டு பேரும் வேலையால் வந்து, சமைத்து, சாப்பிட்டு, செபமாலை சொல்லிப் படுத்துவிட்டால் சுவரில் இருக்கிற மணிக்கூடுதான் வீட்டில் அதிகம் கதைக்கிற ஆள்.

அந்த நோட்டுகள் வீட்டுக்குள் வந்த கதை அல்போன்சம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூற்றொன்றாம் ஆண்டுப் பனிக்காலம். பஸ்ஸுக்கு நின்றவர் குளிர் தாங்காமல் பக்கத்துக் கடைக்குள் நுழைந்திருக்கிறார். பழைய நாணயமும் முத்திரையும் விற்கிற கடை. முதலாளி தெரியோ என்றொரு கிழவர், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர். ஒன்றும் வாங்காமல் நின்றால் மரியாதையில்லை என்று அம்புறோஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதுபோலப் பாவனை பண்ணியிருக்கிறார். உள்ளே ஒரு சின்ன நோட்டு. பீவர் என்கிற நீரெலி ஒன்று மரத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. மேலே ஆறு டொலர் என்று போட்டிருக்கிறது.

மன்னார்த் தீவில், பேசாலைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் பதினெட்டு வருசம் காசுமேசையில் இருந்த மனுசன். ஆறு டொலருக்கு ஒரு நோட்டு என்றால் அது கள்ளநோட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். பிறகுதான் நீரெலிக்கு மேலே இருந்த எழுத்தைப் பார்த்தார். லத்தீன். சின்ன வயதில் லத்தீன் பூசைக்கு உதவி செய்த பெடியன் அவர். பொருள் தெரியாவிட்டாலும் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்துவிட்டார். தெரியோ கிழவர் கதிரையை விட்டு எழும்பி வந்து கைகொடுத்தாராம்.

அன்று வீட்டுக்கு வந்தவர் மேசையைத் துடைத்து, கையைக் கழுவி, வாங்கி வந்த அந்த நோட்டை எடுத்து வைத்தார்.

"என்னத்துக்கு இது?" என்று அல்போன்சம்மா கேட்டாள்.

"எனக்கு வாசிக்க விளங்கிச்சுது."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நான்கு வருசமாக இந்த நகரத்தின் பலகைகள் ஒன்றும் அவருக்கு வாசிக்க விளங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஓர் இலை, நரம்பு நரம்பாக. உண்மையான இலையை வைத்து அச்செடுத்ததாம்; கள்ளநோட்டு அடிக்கிறவன் எதைக் கீறினாலும் இலை நரம்பைக் கீறமாட்டான் என்ற யோசனையாம். தாளைச் சரித்துப் பிடித்தால் மைக்காத் தூள் மினுங்கும். முன்பக்கத்தின் அடியில் இரண்டு கையெழுத்து, ஒன்று சிவப்பு மை, மற்றது கறுப்பாக இருந்து பழுப்பாய்ப் போன மை.

"அமெரிக்கன் ஆமி இஞ்ச மொன்றியலைப் பிடிச்சு வைச்சிருந்தவங்களாம். இந்த நோட்டைக் குடுத்துத்தான் சாமான் வாங்கப் பாத்தவங்களாம். இந்த ஊர்க் கடைக்காரர் தொடவும் மாட்டம், வெள்ளிக்காசு கொண்டுவா எண்டிட்டாங்களாம்" என்றார் அம்புறோஸ். அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்து அவள் கேட்டு வருசக்கணக்காகியிருந்தது. "சங்கக்கடையெண்டா நானும் வேண்டியிருக்கமாட்டன்."

மனுசனுக்கு ஏதாவதொரு விசர் வேண்டும், குடிக்கிற விசரை விட இது திறம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த முதல் வெளியீட்டில் ஒன்றிலிருந்து எட்டு டொலர் வரைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஒவ்வொரு நோட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு லத்தீன் வாசகம். தெரியோ கிழவர் அந்த எட்டையும் பற்றிச் சொன்னதுதான் தாமதம், அம்புறோஸுக்கு எட்டையும் கண்டால்தான் கண் மூடும் என்றாகிவிட்டது. மற்றவர்கள் எடுக்க மறுக்கிற நத்தார் நாள் வேலை, வருசப்பிறப்பு வேலை எல்லாவற்றையும் அவர் எடுத்தார். வருசத்துக்கொன்று, சில வருசம் இரண்டு. கிழிந்ததை, பூச்சி தின்றதை வாங்கமாட்டார். மடிப்புக் குறைந்த, எழுத்துத் தெளிவான நோட்டாக வரும்வரை காத்திருப்பார். ஏழு நோட்டு வந்துவிட்டது. கிடைக்காமல் நின்றது ஏழு டொலர் நோட்டு.

அதன் படத்தை மட்டும் தெரியோவின் புத்தகமொன்றிலிருந்து பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட வந்திருந்த அருமைநாதன் சுவாமியிடம் அதைக் கொடுத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தமிழ்ப் பங்கைப் பார்க்கிற குருவானவர், ரோமாபுரியில் படித்தவர்.

"கடலில புயல் அடிக்கிற மாதிரிக் கீறியிருக்கிறாங்கள்" என்றார் சுவாமி. "செரெனாபித். அது, தெளியும் எண்ட கருத்து. வானம் தெளியும். புயல் விட்டுத் தெளியும்."

அம்புறோஸ் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "தெளியும்" என்று தனக்குள் ஒருதரம் சொன்னார். குசினிக்குள் நின்ற அல்போன்சம்மா அகப்பையை வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

கடல் அவர்களுக்கு என்ன செய்தது என்பதை இனியும் மறைத்துப் பயனில்லை. எண்பத்தைந்தில் தீவில் இருக்க முடியாமல் போனபோது, சனத்தோடு சனமாக இவர்களும் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினார்கள். அல்போன்சம்மாவின் மடியில் எட்டு வயது மகள் றொசானா. அம்புறோஸின் கையில் ஒரு சீலைப் பை. அதற்குள் கலியாணப் படங்கள், பிள்ளையின் ஞானஸ்நானப் பத்திரம், அவள் கோயிலில் முதல்நன்மை எடுத்தபோது ஸ்ரூடியோவில் பிடித்த படம். காற்று எழும்பியது. பை பறந்துவிடும் என்று பயந்து அவர் அதை வள்ளத்தின் அடியில், காலுக்குக் கீழே வைத்து மிதித்துக்கொண்டார். அலை உள்ளே அடித்தது. கரையில் இறங்கிப் பையைத் திறந்தபோது உள்ளே இருந்தது களி.

அல்போன்சம்மா படங்களை மணலில் பரப்பிக் காயவிட்டாள். காய்ந்த பிறகு பிள்ளையின் சட்டை தெரிந்தது, கையில் பிடித்த மெழுகுதிரி தெரிந்தது. முகம் மட்டும் தோலாய் உரிந்து போயிருந்தது. அது போனால் போகட்டும், பிள்ளை உயிரோடு இருக்கிறாள்தானே என்று அப்போது அவள் நினைத்தாள். ஈரத்தில் கிடந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மண்டபம் அகதி முகாமில் வைத்துப் போய்விட்டாள்.

பிள்ளையைப் புதைத்த அன்று முகாமில் எல்லாரும் அல்போன்சம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குழறுவாள், புருசனின் சேட்டைப் பிடித்துலுப்பி, ஏன் பையைக் கீழே வைத்தாய், இப்போது பிள்ளையுமில்லை படமுமில்லை என்று ஏசுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அம்புறோஸும் எதிர்பார்த்தார். அவளுக்கும் வாய்வரைக்கும் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தாள். சொன்னால் இந்த மனுசன் செத்துப்போகும் என்று நினைத்து விழுங்கிவிட்டாள். நல்லெண்ணத்தில்தான் விழுங்கினாள். விழுங்கின சொல் செமிக்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளையின் பெயரை அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் அடியும் இல்லை, அணைப்பும் இல்லை. சோறு இருந்தது, மரியாதை இருந்தது, மணிக்கூட்டுச் சத்தம் இருந்தது.

மொன்றியலுக்கு வந்த பிறகு அல்போன்சம்மாவுக்கும் ஒரு விசர் பிடித்தது. லாமினேற் பண்ணுகிற விசர். பாட்டுத் தாள்களுக்கும் இறந்தவர்களின் நினைவு அட்டைகளுக்கும் பிளாஸ்டிக் போடுவதற்கென்று பங்கு மண்டபத்தில் ஒரு மெசின் வாங்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பொறுப்பு அக்னெஸ் என்ற வாயாடி. அல்போன்சம்மா கனடாவுக்கு வந்திறங்கிய பத்திரத்தைக் கொண்டுபோய்ப் போட்டெடுத்தாள். ஓர் அலுவலகத்தில், இது செல்லுபடியாகாது, பிளாஸ்டிக் போட்டால் எப்படி முத்திரை குத்துவது என்று ஏச்சு வாங்கினாள். திருந்தவில்லை. வீட்டு ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, மாதா படம், கேக் செய்கிற முறை எழுதின துண்டு, ஒன்றையும் விடவில்லை.

"அல்போன்சக்கா, பேந்து ஒருநாளைக்கு அம்புறோஸ் அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, போட்டு எடுப்பம்" என்பாள் அக்னெஸ்.

எல்லாரும் சிரிப்பார்கள், அல்போன்சம்மாவும் சிரிப்பாள். தண்ணீர் தொட முடியாத ஒரு சாமான் வீட்டில் கூடுகிறபோதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல். அது ஏன் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவருடைய நோட்டுகளை மட்டும் அவள் தொட்டதில்லை. கை கழுவாமல் அவரே தொடாத சாமான்கள் அவை.

தொண்ணூற்றேழு இலையுதிர் காலத்தில் ஏழு டொலர் நோட்டு வந்தது. ஒரு சேகரிப்பாளர் செத்துப்போக, அவருடைய சாமான்கள் தெரியோவின் கைக்கு வந்திருந்தன. கிழவர் அந்த ஒன்றை வேறு யாருக்கும் காட்டாமல், அம்புறோஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடிக்கும்வரை பூட்டி வைத்திருந்தார். அம்புறோஸ் அதை மேசையில் வைத்துவிட்டு, அல்போன்சம்மாவுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு நகத்தளவு வட்டத்துக்குள் கடல். கோடு கோடாக அலை, மேலே கருமேகம்.

"தெளியுமாம்" என்றார் அம்புறோஸ். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தவர்போல நின்றார்.

"சோறு ஆறப்போகுது, வாங்கோ" என்றாள் அல்போன்சம்மா.

அட, அதுதான் தருணம். அந்த நேரம் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் சோறுதான் சாப்பிட்டார்கள்.

அடுத்த மார்ச்சில் நாணயச் சங்கத்தின் கண்காட்சி. எட்டு நோட்டும் ஒன்றாக, ஒரே தரத்தில் இருப்பது அருமை என்று தெரியோ எடுத்துச் சொல்ல, சங்கம் அம்புறோஸுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி ஒதுக்கியது. பெட்டியில் அவருடைய முழுப் பெயரும் போடுவார்களாம். விமானத்துக்குள் மற்றவர்கள் துப்பின சுவிங்கம் சுரண்டுகிற மனுசனின் பெயர், நகர நடுவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். அவர் ஒரு கழுத்துப்பட்டி வாங்கினார். மாலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று கட்டிப் பழகுவார். அல்போன்சம்மா குசினிக்குள் நின்று பார்ப்பாள். இந்த மனுசனுக்கு இது ஒன்றாவது சரிவரட்டும் என்று செபமாலையில் ஒரு மணி கூடச் சொல்வாள்.

தொண்ணூற்றெட்டு சனவரியில் ஐஸ் மழை பெய்தது. மொன்றியலில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மரங்கள் முறிந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, கரண்ட் போனது. அம்புறோஸ் டோர்வலில் மாட்டிக்கொண்டார். ஆட்கள் வரமுடியாததால் வேலையில் நின்றவர்களையே அங்கேயே படுக்கவைத்து வேலை வாங்கினார்கள். அல்போன்சம்மா வீட்டில் தனிய, மேல்கோட்டுப் போட்டபடி, மெழுகுதிரியோடு இருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேல்வீட்டில் குழாய் வெடித்தது. தண்ணீர் சுவரால் வழிந்து, படுக்கையறை அலுமாரிக்கு மேலே கொட்டியது. நோட்டுகள் வைத்திருந்த அல்பம் அந்த அலுமாரிக்குள்ளே.

அவள் நகையை எடுக்கவில்லை, பாஸ்போட்டை எடுக்கவில்லை. அல்பத்தை இழுத்தெடுத்து மேல்கோட்டுக்குள், நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் பூட்டினாள். தெருவில் காலை வைக்க முடியவில்லை. வேலிக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து, இரண்டு இடத்தில் விழுந்து, விழும்போதும் நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டு பங்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த வட்டாரத்தில் அங்கே மட்டும் கரண்ட் இருந்தது. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். அக்னெஸ் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து அல்பத்தைத் திறந்து பார்த்தாள். எல்லாம் தப்பியிருந்தன. ஏழு டொலர் நோட்டின் ஒரு மூலையில் மட்டும் ஈரம் பிடித்திருந்தது. கடல் இருந்த பக்கத்து மூலை. மணலில் குந்தியிருந்து முகம் இல்லாத படத்தைப் பார்த்தது கண்ணுக்குள் வந்தது. அவள் நோட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கினாள். கொஞ்சம் காய்ந்ததும் அக்னெஸைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, மெசினைப் போடு."

"இந்த நேரத்திலயோ? என்னத்துக்கு அக்கா?"

"கேள்வி கேக்காமல் போடு."

எட்டு நோட்டும் ஒவ்வொன்றாக உள்ளே போய், சுடச்சுட, பளபளவென்று வெளியே வந்தன. அல்போன்சம்மா ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

பழைய நோட்டுச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வேதம் உண்டு. கழுவாதே, நிமிர்த்தாதே, ஒட்டாதே. அந்தத் தாள் எப்படி வந்ததோ அப்படியே இருக்கவேண்டும். லாமினேற் என்பது அவர்கள் பாவங்களின் பட்டியலில்கூட இல்லை. அப்படியொரு பாவத்தை ஒருவர் செய்வார் என்று அவர்கள் நினைத்ததேயில்லை. உருகின பிளாஸ்டிக் தாளின் நாருக்குள்ளே இறங்கி, மையோடு கலந்துவிடும். உரித்தால் நோட்டும் சேர்ந்து உரியும். இதை அம்புறோஸ் ஒருநாளாவது வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பஸ் ஓடத் தொடங்கினதும் அம்புறோஸ் நேரே மண்டபத்துக்கு வந்தார். சவரம் செய்யாத முகம், வேலை உடுப்பு. அல்போன்சம்மா எழும்பி ஓடிப்போய், எட்டு நோட்டையும் சீட்டுக்கட்டுப் போல அவர் கையில் வைத்தாள். அவர் வாழ்க்கையில் அவள் அவரிடம் ஓடிப்போனது அன்றைக்குத்தான்.

"மேல்வீட்டுக் குழாய் வெடிச்சுப்போச்சு. ஒண்டையும் நனைய விடேல்ல. இனி எந்தத் தண்ணியும் இதுகளை ஒண்டும் செய்யேலாது" என்றாள்.

அவர் பார்த்தார். விரலால் ஏழு டொலர் நோட்டின் மேலே தடவினார். விரல் வழுக்கியது. அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிறுபிள்ளை நல்ல மார்க் எடுத்துக்கொண்டு வந்து நிற்பதுபோல நின்றாள்.

"நல்ல வேலை செய்தனி" என்றார் அம்புறோஸ். "விழுந்தனியே? முழங்கால் காயமெல்லோ."

அன்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. வீட்டுக்குத் திரும்பின பிறகு சந்தேகம் வளர்ந்தது. அவர் அல்பத்தை எடுக்கும்போது இப்போது கை கழுவுவதில்லை. சாப்பிட்ட கையோடும் எடுத்தார். கண்ணாடிக்கு முன்னால் கழுத்துப்பட்டி கட்டிப் பார்ப்பதில்லை. ஒரு சனிக்கிழமை தெரியோவிடம் போய்விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே கன நேரம் நின்றார்.

"ஏதும் பிழையே?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு பிழையுமில்லை. நல்ல பாதுகாப்பு எண்டு அந்தாளும் சொல்லுது."

"கண்காட்சி?"

"நடக்கும். வைக்கிறதுதான்."

"நானும் வாறன்."

அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதனால் "ஓம், வா" என்றார்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாமல் கண்காட்சிக்குப் போனார்கள். அல்போன்சம்மா நீலக் காஞ்சிபுரம் உடுத்து, அதற்கு மேலே மேல்கோட்டுப் போட்டு, காலில் பனிச் சப்பாத்தோடு போனாள். கம்பளம் விரித்த மண்டபம், வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். அம்புறோஸின் பெட்டி கதவுக்குப் பக்கத்து மூலையில் இருந்தது. முதலில் ஒதுக்கின இடம் அதுவல்ல. தெரியோ கிழவர் சங்கத்தோடு சண்டைபிடித்துத்தான் அந்த மூலையையாவது வாங்கியிருந்தார். பெயரைச் சரியாகவே எழுதியிருந்தார்கள். எட்டு நோட்டும் விளக்குக்குக் கீழே பளிச்சிட்டன. மற்றப் பெட்டிகளில் இருந்தவை ஒன்றும் அப்படி மினுங்கவில்லை. அது அவளுக்கு உடனே கண்ணில் பட்டது.

ஆட்கள் வந்தார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். பிறகு கண்ணாடி போட்ட ஒரு கிழவரும் அவருடைய பெண்சாதியும் வந்தார்கள். கிழவர் உச்சுக்கொட்டி, மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அதில் ஒரு சொல் அல்போன்சம்மாவுக்கு விளங்கியது.

கஸ்பியே.

அந்தச் சொல் அவளுக்கு எப்படி விளங்காமல் போகும்? தொழிற்சாலையில் துணியைப் பிழையாக வெட்டினால், பையைக் கோணலாக வைத்துத் தைத்தால், மேற்பார்வைக்காரி உடுப்பைத் தூக்கிப் பிடித்துக் கத்துகிற சொல் அது. கஸ்பியே. வீணாப்போச்சு. இனி ஒன்றுக்கும் உதவாது, தூக்கிக் குப்பையில் போடு.

அவள் அம்புறோஸைப் பார்த்தாள். அவருக்கும் விளங்கியிருந்தது. அவர் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லையும் கூட்டினார்.

"நோ, மொசியூ. ம ஃபாம்" என்று மனைவியைக் காட்டினார். "பியென் ஃபே. ம ஃபாம், பியென் ஃபே."

என் மனைவி. நன்றாகச் செய்தாள். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. அதையே மூன்றாம் முறையும் சொன்னார். கிழவர் வெட்கப்பட்டு அல்போன்சம்மாவுக்குத் தலைகுனிந்துவிட்டுப் போனார். அல்போன்சம்மா மற்றப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு மண்டபத்தை ஒருதரம் சுற்றி வந்தாள். தாள்கள் தாள்களாக, மங்கலாக, சுருக்கம் விழுந்து, உயிரோடு இருந்தன. திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில், கடைசி ஆள் போகும்வரை நின்றாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பின்சீற்றில் இடம் கிடைத்தது. நோட்டுகள் அவருடைய உள்பையில் இருந்தன. இனி மடங்காது, நனையாது என்பதால் அல்பம்கூடத் தேவைப்படவில்லை.

"எனக்கு விளங்கினது" என்றாள் அல்போன்சம்மா.

அவர் உள்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஏழு வருசம். நத்தாருக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்தனீங்கள். நான் ஒரு மணித்தியாலத்தில குப்பையாக்கிப் போட்டன். ஏன் என்னை ஏசேல்ல?"

"வேண்டாம், விடு."

"நான் கேக்கிறன். ஏன் ஏசேல்ல?"

அம்புறோஸ் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "நீ என்னை ஏசினனியே?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆட்களை ஏற்றி, புறப்பட்டது. பன்னிரண்டு வருசம் தொண்டைக்குள் கிடந்தது எதுவோ அது அப்போது அல்போன்சம்மாவின் வாய்க்கு வந்தது. இந்தமுறை அவள் விழுங்கவில்லை.

"ஆர் உங்களைப் பையைக் கீழ வைக்கச் சொன்னது?" என்றாள். குரல் அவளுக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. "நான் பிள்ளையை வைச்சிருந்தனான். உங்கட கையில இருந்தது ஒரு பை. ஒரே ஒரு பை. அதை மடியில வைச்சிருக்கேலாதே? காலுக்குக் கீழ வைச்சு மிதிக்கிற சாமானே அது? அறிவில்லையே உங்களுக்கு? சங்கக்கடைக் காசை மட்டும் நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டு போகத் தெரியும். என்ர பிள்ளையின்ர முகத்தை மிதிச்சுப்போட்டு வந்தனீங்கள்."

முன்சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"ஒரு படமில்லை எனக்கு. றொசானான்ர ஒரு படமில்லை. நான் கண்ணை மூடினால் சட்டை வருது, மெழுகுதிரி வருது, முகம் வரேல்ல. சிரிச்சால் சொக்கில குழி விழும். அது எந்தச் சொக்கு எண்டு எனக்கு மறந்துபோச்சு. பெத்த தாய்க்கு மறந்துபோச்சு. நான் ஆரிட்டைப் போய்க் கேப்பன்?"

"இடப்பக்கம்" என்றார் அம்புறோஸ்.

அல்போன்சம்மா வாயை மூடினாள்.

"இடப்பக்கம். இஞ்ச." அவர் விரலைத் தன்னுடைய கன்னத்தில் வைத்துக் காட்டினார். கன்னம் நனைந்திருந்தது. "வலப்பக்கம் விழாது. சிரிக்கேக்க ஒருபக்கமாத்தான் வாய் போகும்."

அவள் அவருடைய கன்னத்தில் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கினாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னும் ஏசு" என்றார்.

அவள் ஏசினாள்.